மடித்த சட்டைமேல் ஓர் உறை

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் கேட்டால் நீ இரண்டு தடவை "ம்" சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறாய். அவள் "எல்லாம் ஓகேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். பதினாறு வயதில் என் மகள் எப்படி இருக்கிறாள் என்பதை நான் உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடிதமும் பார்சலும் கொண்டுபோய்க் கொண்டுவரும் பஸ் டிரைவர் தயவில் அதுவாவது நடக்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டுப் பெரியவரை இப்போது நான் ஒருத்தியேதான் தூக்கி உட்கார வைக்கிறேன். எலும்பில் நோய், தொட்டாலே வலி. மகனும் மருமகளும் மாடியில் இருக்கிறார்கள், கீழ் அறையில் அவரும் நானும். முன்பெல்லாம் கோபம் வந்தால் தலையணையை எறிவார். இப்போது அதற்கும் தெம்பில்லை.

நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டு முதுகு விட்டுப்போகிறது என்று எழுதியிருந்தாய். நீ வாயைத் திறந்து வலி என்று சொன்னால் அது எப்பேர்ப்பட்ட வலி என்று எனக்குத் தெரியும். பார்சலில் சோப்புக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறேன். பெரியவருக்கு டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். மிச்சமானதை நர்ஸிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி. கொடுத்தால் அவள் அதை அழித்துவிடுவாள், எனக்கு மனசு வரவில்லை. இது சாதாரணத் தலைவலி மாத்திரை இல்லை, ரொம்பப் பலமானது. பாதி போட்டுக்கொண்டு படுத்துவிடு, இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதே.

வாலு படிக்கிறாளா? இந்த வருஷப் பரீட்சையில்தான் அவளுடைய மேற்படிப்பு இருக்கிறது. அவளை உன்னிடம் விட்டுவிட்டு நான் யாரோ ஒருவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அது வீணாகக் கூடாது.

உன் அன்புத் தங்கை

ஜூலை 21

தங்கைக்கு,

நலம்தான். நலமில்லாவிட்டாலும் லாண்டரியைத் திறந்துதான் ஆக வேண்டும், அதனால் நலம்.

உன் மாத்திரையின் மகிமையைக் கேள். பாதிதான் போட்டேன். வலி போனது உண்மை, கூடவே நானும் போனேன். ஒரு வக்கீலின் சட்டைக் காலர் பெட்டிக்கு அடியில் பொசுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, கையை எடுக்கத் தோன்றவில்லை. அப்புறம் லாட்ஜ் படுக்கை விரிப்பு மூட்டைமேல் விழுந்து தூங்கியிருக்கிறேன். வாலு பள்ளி விட்டு வந்து எழுப்பினாள். "பெரியம்மா, நீ தூக்கத்துல சிரிச்ச. நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மிச்சத்தைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இனி அனுப்பாதே. காலருக்கு அந்த வக்கீல் பேசிய பேச்சு எந்த மாத்திரைக்கும் அடங்காது.

போன வாரம் ஒரு கோட்டுப் பையில் பல்செட் இருந்தது. யாருடையது என்று உனக்கும் சொல்ல மாட்டேன். வழக்கம்போல உறையில் போட்டு, மடித்த கோட்டுமேல் வைத்துக் கொடுத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. துணியைத் தண்ணீரில் போடுமுன் ஒவ்வொரு பையையும் துழாவுவேன். சினிமா டிக்கெட் வரும், காதல் கடிதம் வரும், பெண்டாட்டியுடையது இல்லாத கம்மல் வரும். எது வந்தாலும் உறை, எது வந்தாலும் வாய் மூடல். எதிர்க் கடைக்காரன் பெரிய பெரிய மெஷினாக வாங்கிப் போட்டும் ஆட்கள் என்னிடம் வருவது இதற்காகத்தான்.

உன் மகள் என் தலையைத் தின்கிறாள். முட்டை வேகவில்லை என்று ஒரு சண்டை, கண்ணாடி முன்னால் நிற்காதே என்றால் ஒரு சண்டை. ஆனால் படிக்கிறாள். அவளோடு படிக்கிறவர்கள் சிலர் சாயங்காலம் வந்து, என் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் நல்ல வீட்டுப் பிள்ளைகள். பல் டாக்டரின் மகள் கூட வருகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும் ஒரு முதுகுதான் இருக்கிறது.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் பெரியவர் கண்ணைத் திறந்து என்ன என்று கேட்டார். லாட்ஜ் மூட்டைமேல் நீ தூங்கியதைச் சொன்னேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அவருக்கு மாற்றிக் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பழையபடி அதே மாத்திரைதான், இப்போது கூடுதலாக. பாவம், ஸ்பூனை வாய்க்கருகில் கொண்டுபோகும்போதே தூங்கிவிடுகிறார். மூக்கைச் சொறிந்துகொண்டே இருக்கிறார், நுனி சிவந்துவிட்டது. கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. பாத்ரூமில் உட்கார வைத்தால் ஒன்றும் வராமல் அழுகிறார். எல்லாம் அந்த மாத்திரை செய்கிற வேலை என்று நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வலிக்கு மருந்து, மருந்துக்கு வேறு வலி.

வாலு சண்டை போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். போடட்டும். என்னிடம் போட வேண்டியதையும் சேர்த்து உன்னிடம் போடுகிறாள். அவள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போனவர். இவள் வாய் திறந்து சண்டை போடுவதே எனக்கு ஆறுதல்.

அவளோடு படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது தின்னக் கொடு. பார்சலில் பிஸ்கட் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை

செப்டம்பர் 28

தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம், வேலை.

வாலு ரொம்ப மாறிவிட்டாள். சண்டையே இல்லை. முட்டை வெந்தாலும் வேகாவிட்டாலும் ஒன்றுதான், பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பொறுப்பு வந்துவிட்டது. பள்ளி விட்டு வந்தால் நேரே மேஜை. பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்து தூங்கிவிடுகிறாள், அவ்வளவு படிப்பு. தொட்டு எழுப்பினால் மூக்கைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறாள். மாதிரிப் பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மார்க். தலைமையாசிரியை கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் புடவையை இலவசமாக இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

சட்டைப் பைகளில் என்ன வந்தது என்று கேட்பாய். இந்த மாதம் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒரு பழைய கைக்குட்டை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். என் முதுகு மறுபடியும் மோசமாகிவிட்டது. அந்த மாத்திரை இருந்தால் கொஞ்சம் அனுப்பு. இல்லாவிட்டால் பரவாயில்லை. இருந்தால் அனுப்பு.

அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், சுகத்துக்கு மேலே. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் மார்க்குக்காக ஒரு தடவை, மற்றதெல்லாம் கடைசி வரிகளுக்காக.

அக்கா, நீ என்னிடம் இதுவரை எதையுமே கேட்டதில்லை. என் கல்யாணத்துக்குச் செய்தாய், அவர் போனபோது என்னையும் குழந்தையையும் வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்டாய், இத்தனை வருஷம் அவளை வளர்க்கிறாய். ஒரு சேலை வாங்கி அனுப்பினால்கூட "எதுக்கு இது?" என்று திருப்பி அனுப்புகிறவள் நீ. உனக்கு என்னால் ஒன்றுமே செய்ய முடியாதா என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டாய். இது போதும் எனக்கு.

சோப்புக்கு அடியில் பார். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. வலி பொறுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரியவருக்கு இப்போதெல்லாம் முனகல் அதிகமாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, மருந்து சரியாகக் கொடுக்கிறாயா என்று கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன்.

முதல் மார்க் வாங்கியவளுக்கு என் முத்தங்கள். முதுகைத் தேய்த்து விடச் சொல் அவளை.

உன் தங்கை

நவம்பர் 30

தங்கைக்கு,

அப்புறம் அனுப்பியதும் சேர்த்து இரண்டு பார்சலும் வந்தன. நலம்.

இன்னும் வேண்டும். பரீட்சை நெருங்கிவிட்டது. மாத்திரை தீர்ந்த அன்று வீடு வீடாக இல்லை. வியர்வை, நடுக்கம், வாந்தி, ஒரே அழுகை. என் முதுகைத்தான் சொல்கிறேன்.

பஸ் டிரைவரிடம் தாமதிக்காமல் கொடுத்தனுப்பு. வாலு நன்றாகப் படிக்கிறாள்.

அக்கா

டிசம்பர் 11

அக்கா,

பெரியவர் போய்விட்டார். கடைசிப் பத்து நாளும் வலியில் துடித்தார். துடித்தார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், பக்கத்தில் இருந்தவள் நான்தான். சாமான்களை ஒதுங்க வைக்கும்போது நர்ஸ் மாத்திரைகளை எண்ணினாள். எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இப்போது என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் விடுதியில், என் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். வாலு எடுத்தாள். "எல்லாம் ஓகேம்மா" என்றாள். ஓகே என்பதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அந்தக் குழறலை எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசித்தபடியே படுத்தேன். நான்கு மாதமாகப் பெரியவர் வாயிலிருந்து கேட்ட அதே குழறல்.

எழுந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். பேனாவோடு உட்கார்ந்து தூங்குகிறாள். சாப்பாட்டைப் பாதியில் வைக்கிறாள். மூக்கைச் சொறிகிறாள். இதையெல்லாம் ஒரு நோயாளியிடம் பார்த்து நானே உனக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த கடிதத்தில் என் மகளைப் பற்றி நீ அதையே எழுதுகிறாய், நான் முதல் மார்க்குக்கு முத்தம் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு உண்மையிலேயே முதுகு வலிக்கிறதா?

தங்கை

டிசம்பர் 19

தங்கைக்கு,

பெரியவர் காலமானதற்கு வருந்துகிறேன்.

முதுகு வலிக்கிறது. இருபது வருஷம் நின்று இஸ்திரி போட்டவளுக்கு வலிக்காதா? பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அது முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும். அதுவரை என்னை ஒன்றும் கேட்காதே. நீ இப்போது கிளம்பி வந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்தால் அவள் மனசு கலைந்து போகும். மாத்திரையும் இனி அனுப்ப வேண்டாம். இருப்பது போதும்.

அக்கா

பிப்ரவரி 17

அக்கா,

நலம் விசாரிக்க வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் நாம் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் உன்னை அடித்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் இங்கே திரும்பி வந்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரைகள் மிச்சமானவை இல்லை. பெரியவருக்கு முழுசு கொடுக்க வேண்டிய வேளையில் பாதி கொடுத்தேன். மீதிப் பாதியைச் சோப்புக்கு அடியில் வைத்து உனக்கு அனுப்பினேன். ஒரு மனிதரின் வலியை எடுத்து இன்னொருத்தியின் வலிக்குக் கொடுப்பதாக நினைத்தேன், அந்த இன்னொருத்தி என் அக்கா என்பதால் எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஏஜென்சி என்னை விசாரிக்கிறது. இனி யார் வீட்டுக் கட்டிலருகிலும் என்னை விட மாட்டார்கள். விடவும் கூடாது.

டாக்டர் சொன்னதை நீ வராந்தாவில் நின்று கேட்டாய். வகுப்பில் ஆளுக்கொன்று வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்து பங்கு போட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் மகள் அப்பாவின் அலமாரியிலிருந்து. ஒருத்தன் தன் அண்ணனின் தூக்க மாத்திரையை. என் மகள் கொண்டுபோனது அவள் அம்மா அனுப்பிய பார்சலை. எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த நல்ல மருந்து, அதனால் ஒன்றும் செய்யாது என்று நினைத்திருக்கிறார்கள். நான் அனுப்பியதும் அந்தத் தூக்க மாத்திரையும் சேர்ந்த அன்றுதான் அவள் பரீட்சை அறையில் முதல் பக்கத்தை எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று மேற்பார்வையாளர் விட்டுவிட்டார். உதடு நீலமான பிறகுதான் தூக்கியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டாள். வலது கை இன்னும் நடுங்குகிறது. மாத்திரைப் பழக்கத்தை நிறுத்த நாம் கொண்டுபோய்ச் சேர்த்த சிகிச்சை இல்லத்தின் கேட்டை அவள் தாண்டிப் போனபோது நம் இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகளின் பழக்கம் உனக்கு எப்போது தெரியும்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதையும் எழுதாதே.

பிப்ரவரி 26

தங்கைக்கு,

செப்டம்பரில் தெரியும்.

ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குப் பட்டன் தேடி டப்பாவைத் திறந்தேன். அட்டை காலி. நான்தான் எங்கேயோ போட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. அந்த வாரமே அவள் சீருடைப் பையைத் துழாவினேன். கைக்குட்டைக்குள் இரண்டு மாத்திரை. பழைய கைக்குட்டை என்று உனக்கு எழுதினேனே, அதுதான்.

அப்போது நான் என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. என் கை தன்பாட்டில் உறையை எடுத்தது. மாத்திரையை அதில் போட்டு ஒட்டினேன். சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மடித்து, அதன்மேல் உறையை வைத்தேன். ஊரில் உள்ள எல்லோருக்கும் செய்வதை அவளுக்கும் செய்தேன். காலையில் சட்டையும் இல்லை, உறையும் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கம்மலை உறையில் வைத்துக் கொடுத்தால் அந்த ஆள் அதற்கப்புறம் என் கண்ணைப் பார்க்க மாட்டான், கம்மலும் வராது. பெரியவர்களின் திருட்டுத்தனம் அப்படித்தான் நிற்கும். இவள் நிற்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அவளிடம் தீர்ந்துபோனது. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். என் காலைப் பிடித்துக்கொண்டு "பரீட்சை வரைக்கும் மட்டும் பெரியம்மா" என்றாள். நீ ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிப்பது அந்தப் பரீட்சைக்காக. தலைமையாசிரியை என் கடைப் படியேறி வந்தது அந்த மார்க்குக்காக. டாக்டரிடம் கூட்டிப்போனால் பள்ளிக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். அதனால் என் முதுகு என்று உனக்கு எழுதினேன். நீ சந்தோஷப்பட்டு எழுதிய அந்தக் கடிதத்தை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. தினமும் காலையில் நானே மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பாலோடு கொடுத்தேன். நீ அங்கே உடைத்தாய், நான் இங்கே உடைத்தேன்.

வேறு எதையும் எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன்.

அக்கா

மார்ச் 24

பெரியம்மாவுக்கு,

இங்கே கடிதம் எழுதுவதும் சிகிச்சையாம். முதலில் நலமா என்று எழுதச் சொல்கிறார்கள். நலமா? என்னைப் பற்றி அந்த வார்த்தையை இப்போதைக்கு எழுத மாட்டேன், நம் வீட்டில் அதை ரொம்ப எழுதிவிட்டீர்கள்.

நீ எழுதிய கடிதத்தை அம்மா அப்படியே எனக்கு அனுப்பிவிட்டாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. உன்னோடு இனிப் பேச மாட்டாளாம், டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள்.

வாராவாரம் கேட்டில் நீ கொடுத்துவிட்டுப் போகும் துணி வருகிறது. இங்கே யாரும் இஸ்திரி போட்ட பைஜாமா போடுவதில்லை. பக்கத்துக் கட்டில்காரி என்னைக் கலெக்டர் என்று கூப்பிடுகிறாள். உள்ளே வரும் மூட்டையைக் காவலாளி உதறி உதறிப் பார்க்கிறான். வெளியே போகிற அழுக்கை ஒருத்தரும் பார்ப்பதில்லை. காலையில் வரிசையில் நிற்க வைத்து மாத்திரை கொடுத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள். மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரை. அம்மா பார்த்துக்கொண்ட பெரியவரும் இப்படித்தானே வேளாவேளைக்கு வாயைத் திறந்திருப்பார்.

அந்த உறையைப் பற்றி நான் உன்னிடம் சொல்ல வேண்டும். காலையில் அதைப் பார்த்ததும் தொலைந்தேன் என்று நினைத்தேன். அப்பாடா என்றும் இருந்தது. சீருடையைப் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, நீ மாடிக்கு வருவாய் என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கு நேரமாகியும் உட்கார்ந்திருந்தேன். கீழே உன் இஸ்திரிப் பெட்டி நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ வரவில்லை. இறங்கி வந்தேன். "முட்டை ஆறுது" என்றாய். சரி, பெரியம்மாவுக்குப் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஏறுமுன் இரண்டையும் போட்டுக்கொண்டேன்.

நீ கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

நீ கொடுத்த பாதி எனக்குப் போதவில்லை. மீதியை வகுப்பில் வாங்கிக்கொண்டேன். அதையும் சொல்லிவிட்டேன்.

வாலு

மார்ச் 31

வாலு,

என் நலத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உன் நலத்தை நீ எழுதும்போது எழுது.

உன் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நாள் முழுக்க அதைப் படித்தேன். இரண்டு சட்டை பொசுங்கியது. ஆட்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி விசாரித்தவர்களிடம், மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருக்கிறாள் என்று சொன்னேன். வக்கீல் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

இன்று காலை உன் அழுக்கு மூட்டையை அவிழ்த்தேன். நீலப் பைஜாமாவின் பையில், பஞ்சும் நூலும் ஒட்டிக்கொண்டு, வாயில் பாதி கரைந்தபின் உமிழ்ந்த ஒரு மாத்திரை இருந்தது. மறந்து விட்டாயா, பிறகு போட்டுக்கொள்ள ஒளித்து வைத்தாயா, நான் என்ன செய்வேன் என்று பார்க்க வைத்தாயா, எனக்குத் தெரியவில்லை. அழுக்கை யாரும் பார்ப்பதில்லை என்று நீயே எழுதியிருந்தாய். பார்க்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

கை வழக்கம்போல உறைக்குத்தான் போனது. அந்தக் கையை அங்கேயே நிறுத்தினேன். உறைக் கட்டை முழுக்கக் கிழித்துப் போட்டுவிட்டு, மூட்டையைத் துவைக்காமல் அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் டாக்டரிடம் சொல்லத்தான் போகிறேன், நீ என்னோடு இனிமேல் பேசாவிட்டாலும் சொல்வேன். ஆனால் முதலில் உன்னிடம். காவலாளி இதைக் கொண்டுவந்து கொடுப்பான், பதிலை வாங்கிக்கொண்டு வருவான். பொய் சொன்னால் மறுபடியும் கேட்பேன். கடை பூட்டியிருக்கிறது, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

மாத்திரை என் உள்ளங்கையில் இருக்கிறது.

என்னடி இது?